அழித்த வரி

"என் வீட்டுக்காரி போன்ல எழுதுறது அப்படியே என் போன்லயும் வரணும். எழுதி அழிச்சதும் எனக்குத் தெரியணும். அது மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது," என்றார் பெரியவர், இரண்டு போன்களையும் நீட்டி.

கட்டின மனைவியையே வேவு பார்க்கிறாரே! செல்போன் கடைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நோட்ஸ் ஆப்ல அந்த வசதி இருக்கு. ஆனா, வீட்டுல அவ்வளவு சந்தேகமா சார்?"

"சேச்சே! சாமான் சீட்டுல கடைசியா தனக்குன்னு ஒண்ணு எழுதுவா. கொடுக்கும்போது செலவாகும்னு அடிச்சிடுவா. குடும்பத்துக்காகவே ஓடி ஓடி உழைச்சவம்மா. பேப்பரா இருந்தவரைக்கும் அடிச்சதைப் படிச்சு வாங்கிட்டுப் போயிடுவேன். இப்போ போன்ல அழிச்சா அடையாளமே இல்ல. ஒரு மாசமா பிஞ்ச செருப்போட நடந்திருக்கா."

கடைப் பெண் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உட்காருங்கப்பா. இப்பவே போட்டுத் தர்றேன்."