கடலை அளந்த கோடு

சர்வதேசச் சட்ட சஞ்சிகையைச் சுருட்டிப் பிடித்தபடி ஸைனுலாப்தீன் படலையைத் தள்ளித் திறந்ததும், இராஜநாயகம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே வந்திருந்தார் மனிதர். காலில் செருப்பில்லை.

"என்ன காணும் எழுதி வச்சிருக்கிறீர்? கடலெல்லையைக் கடல் பெருகி நிக்கிற கோட்டிலயிருந்து அளக்கிறதோ? வத்தி நிக்கிற கோட்டிலயிருந்தெண்டு சட்டம் படிக்கிற பெடியனும் சொல்லுவான்! நான் எழுதப்போற மறுப்போட நீர் பேனையை மூடி வைக்க வேண்டியதுதான்!"

இராஜநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். கொழும்பில் அச்சாகும் அந்தச் சஞ்சிகை ஹேக் நகரம் வரைக்கும் போகும். அங்கே பேராசிரியர்கள் இந்நேரம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாடுபட்டுச் சேர்த்த பெயர்.

இருவரும் திருகோணமலைக் கோர்ட்டில் வழக்குப் பேசும் புரொக்டர்மார். ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் குடியிருந்துகொண்டு, கொட்டியாரக் குடா உள்நாட்டு நீரா இல்லையா என்று அந்தச் சஞ்சிகையில் வருடக்கணக்காகச் சண்டை பிடித்தவர்கள். வாயைத் திறந்து கேட்டால் முடிகிற காரியம். படித்தவர்களுக்கு அது மரியாதையில்லையே. மதிலுக்கு மேலால் கறிக் கோப்பை போகும், வரும். கருத்து மட்டும் கொழும்புக்குப் போய்த்தான் வரும்.

ஸைனுலாப்தீனின் மனைவி நஜ்முன் நிஸா காலமானதோடு எல்லாம் நின்றுபோனது. அவர் பேனையைத் தொடவில்லை. வெளியே இறங்கவில்லை. வீட்டு ஜன்னல்களைக்கூடத் திறக்கவில்லை. இராஜநாயகம் போய்ப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். மனிதர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போய்விடுவாரோ என்று இராஜநாயகத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அதே மனிதர் இன்றைக்கு, இராஜநாயகத்தின் மனைவி எல்சி கொடுத்த தேத்தண்ணியை நின்ற நிலையிலேயே குடித்துவிட்டு, பழைய தீர்ப்புகளைத் தேடவேண்டும் என்று விழுந்தடித்து ஓடினார்.

சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறபடும் சத்தம் கேட்டது.

கணவரின் கட்டுரைகளையெல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பவள் எல்சிதான். வெறுங்கோப்பையை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"வத்தி நிக்கிற கோடெண்டுதானே நான் முதல்ல அடிச்சனான். நீங்கள்தான் அழிச்சு மாத்தச் சொன்னீங்கள். இப்ப பிழைதிருத்தம் அனுப்புவமே?"

"பொறும்," என்றார் இராஜநாயகம், அந்த ஜன்னல்களைப் பார்த்தபடி. "முதல்ல அந்தாள் எழுதி முடிக்கட்டும்."