புதன்கிழமை ஊசி

"இன்னும் ஒரு ஆளுக்குத்தான் தட்டம்மை மருந்து இருக்கு. இனி அடுத்த புதன்தான்" என்றாள் நர்ஸ் சங்கரேஸ்வரி.

ஒன்றரை வயசு மகளை இடுப்பில் வைத்திருந்த வேல்விழி வரிசையில் முன்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே பிள்ளையைக் காணோம். காக்கிப் பேன்ட்டும் முகக்கவசமுமாக ஆறடி ஆள் ஒருவர் நின்றார்.

"பிள்ளை எங்க அண்ணாச்சி?"

"எனக்குத்தாம்மா ஊசி."

மகனுக்கு ஊசி போட்டு முடித்திருந்த சைதூன் பீவி சிரித்துவிட்டாள். "யாத்தே, பேன்ட் போட்ட பாப்பாவா!"

வேல்விழியின் மகள் அவர் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அவர் சட்டென்று நாலடி தள்ளிப் போனார்.

வேல்விழிக்குச் சுருக்கென்றது.

"ஏன், எம்பிள்ளை தொட்டா ஒட்டிக்கிடுமோ? போலீஸ்னா பச்சப்பிள்ளை மருந்தையும் புடுங்கிக்கிடுவியளோ?"

அவர் நர்ஸைப் பார்த்து, "பாப்பாவுக்கே போட்டிருங்கம்மா. நான் அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பைத் தேடினார்.

"அப்படி வாங்க வழிக்கு" என்று மகளை மடியில் போட்டாள் வேல்விழி.

நர்ஸ் மருந்தை எடுக்கவில்லை.

"ஏட்டி, அவசரப்பட்டுட்டியே. ஏட்டு சுடலைக்கண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்து, தங்கச்சி எலும்பு மஜ்ஜை கொடுத்துப் பொழச்சு வந்திருக்காரு. அந்த வைத்தியத்துல சின்ன வயசுல போட்ட ஊசியோட பலன் எல்லாம் போயிரும். திரும்ப மொதல்லருந்து போடணும்."

"இப்ப நல்லாயிருக்காவளா?"

"ரெண்டு வருஷமா நோய் திரும்பல. இனி தைரியமா இருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ. இந்த ஊசியும் போட்டாத்தான் கூட்டத்துக்குள்ள நிக்கலாமாம். சீசன் டூட்டிக்கு, அடுத்த திங்கள் ஐந்தருவிக்கு வான்னு ஆர்டர் வந்திருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி டூட்டி பாக்கப் போறோம்னு காலையிலேயே வந்து உக்காந்திருந்தாரு. ஊசி இல்லாம இனி எங்க போக?"

"அப்போ எம்பிள்ளை கை நீட்டுனதுக்கு..."

"அதுக்கு மூக்கு ஒழுகுதுல்லா? சளி பிடிச்சா அவருக்கு ஆகாது."

மேசையில் அவர் விட்டுப் போன ஊசி அட்டை கிடந்தது. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில், மஜ்ஜை ஏற்றிய தேதியை அவரே எழுதி வைத்திருந்தார். வயசு: 2.

குற்றாலநாதா, என்ன பேச்சுப் பேசிட்டேன்!

வேல்விழி வாசலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி, போயிராதிய! உள்ள வாங்க!"

மகளின் மூக்கை முந்தானையால் துடைத்து, நாலடி தள்ளி நின்றுகொண்டாள். நர்ஸிடம் சொன்னாள்:

"வயசுல மூத்த பிள்ளைக்கு மொதல்ல போடுங்கக்கா. இவ ஆறு மாசம் எளையவதான... அடுத்த புதன் வருவா."