பூமா கீறிவைத்த மண்

பூமா என்ற பெரும்பூனை இனமே பூண்டோடு அற்றுப்போன காடு அது. பல மலை தாண்டி அங்கே ஓர் இளம் ஆண் பூமா வந்து சேர்ந்தது.

முதலில் பார்த்தது காகம். "வந்துட்டியா ராசா. உங்க ஆளுங்க அடிச்சுப்போட்ட மிச்சத்தைத் தின்னு எத்தனை காலமாச்சு," என்றது.

"முளைக்கிறதை எல்லாம் மான் மேஞ்சிடுது. இனிமேலாவது என் பிள்ளைங்க தலையெடுக்கட்டும்," என்றது மரம்.

பூமாவுக்குக் கூச்சமாக இருந்தது. அது வந்ததே துணை தேடித்தான். தன் இனத்து வழக்கப்படி பாதையோரம் பின்னங்காலால் மண்ணையும் சருகையும் கீறிக் குவித்து, அதில் தன் மணத்தை விட்டுவைத்தது. பெண் பூமா அந்தப் பக்கம் வந்தால், பக்கத்திலேயே தானும் கீறிப் பதில் வைக்கும்.

காடு முழுக்கச் சுற்றிக் கீறியது. மானை அடித்தது, மிச்சத்தைக் காகம் தின்றது, மரத்தடியில் கன்றுகள் துளிர்த்தன. பதில் மட்டும் வரவில்லை.

பனி இறங்கிய ஒரு காலையில், ஓடைக்கரையில் ஒரு கீறல் தெரிந்தது. ஓடிப்போய் முகர்ந்தது. சொந்த மணம்தான். போன சுற்றில் அதுவே கீறி, மறந்துபோனது.

கிளையிலிருந்து காகம் கேட்டது: "இன்னைக்கு எதுவும் அடிக்கலையா ராசா?"

"இந்தக் காட்டுல நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"பூமா இனமே திரும்பி வந்துடுச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே," என்றது காகம்.

பூமா அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கீறிவைத்துவிட்டு, மான் தேடிப் போனது.