மறைந்த தாயார் நினைவாக

லாஸ் ஏஞ்சலிஸில், வசதியான கறுப்பர்கள் குடியிருக்கும் வியூ பார்க் மேட்டில் வீடு வாங்கி நாலு வருஷமாகியும் அர்லீதாவை மாதர் சங்கத்தில் சேர்க்கவில்லை. அன்றுதான் தலைவி மிசஸ் பெட்டிஃபோர்ட் டீ குடிக்க வீட்டுக்கே வந்தாள்.

“உங்க அம்மா?”

“போன வருஷம் தவறிட்டாங்க. பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியை.” அர்லீதாவின் குரல் உடைந்தது.

தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம பிள்ளைங்களைப் படிக்க வச்ச மகராசி! ஒரு ஃபோட்டோ குடும்மா. அவங்க பேர்ல ஸ்காலர்ஷிப் வைக்கிறோம்.”

அடுத்த வாரமே அர்லீதா உறுப்பினரானாள். பத்திரிகையில் அம்மாவின் படத்தோடு ஸ்காலர்ஷிப் செய்தி வந்தது. இதுவரை முகம் கொடுக்காதவர்கள்கூட நிறுத்தி விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஃபோன் அடித்தது.

“அர்லீ, பேப்பர் பாத்தேன்டி. படம் நல்லா விழுந்திருக்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கினவளைத் தலைமை ஆசிரியைன்னு போட்டிருக்கே!” அம்மா சிரித்தாள். சிரித்து முடித்துச் சொன்னாள்: “இனிமே நான் ஃபோன் பண்ணல. வேற யாராவது எடுத்துட்டா உனக்குத்தானே அசிங்கம்.”

வாசலில் மிசஸ் பெட்டிஃபோர்ட் காரில் காத்திருந்தாள்.

“தேங்க்ஸ்மா” என்று சொல்லிவிட்டு அர்லீதா ஃபோனை வைத்தாள்.