நீச்சல் தெரிந்தவள்

திரையில் அவளுடைய அக்கா தெரிந்தாள்.

அக்கா என்றால் கல். மஞ்சள் பூசி, சிவப்புப் பாவாடை சுற்றி, வெள்ளியில் கண் வைத்த கல். ஊரில் கிணற்று மேட்டில் இருக்கிற அதே கல்தான். இங்கே நூலகத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு நின்றது.

"இந்தக் கன்னியம்மன் கதைக்கு எப்படியும் இருநூறு வயசு இருக்கும்" என்றார் பேராசிரியர்.

முப்பத்து நாலு. அவளுக்கு நாள்கூடத் தெரியும்.

வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இந்த மாதம் நாட்டார் தெய்வங்கள். தலைமை, அவளுடைய அண்ணன் அய்யாத்துரை. கல்லுக்குக் கோயில் கட்டியவன் அவன். பேராசிரியருக்குக் கதை சொன்னவனும் அவன். காலையில் டீக்கும் வடைக்கும்கூட அவன்தான் சொல்லி வைத்திருந்தான். குடும்பத்தில் எல்லாரும் வந்தே ஆகவேண்டும் என்றான். அவளும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணமே வேண்டாம் என்று சொன்ன பெண்ணாம். கன்னியாகவே இருக்க வரம் கேட்டாளாம். கிணற்றுத் தண்ணீர் ஒவ்வொரு படியாக மேலேறி வந்து அவளை வாங்கிக்கொண்டதாம்.

பேராசிரியர் நன்றாகத்தான் பேசினார். அண்ணன் சொல்வதைவிட அழகாக இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தண்ணீர் எங்கேயும் ஏறி வரவில்லை. அது பாட்டுக்குக் கீழே கிடந்தது.

அவளுக்கு அப்போது பதினொரு வயது. பம்புசெட்டுக்கு மத்தியானச் சோறு கொண்டு போயிருந்தாள். அப்பா கிணற்று மேட்டில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கீழே, கடைசிப் படியில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். அவனுடைய இரண்டு கைகளும் தண்ணீருக்குள் இருந்தன.

அக்காவின் புத்தகப் பையில் வேற்றுத் தெருப் பையன் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அவ்வளவுதான் அக்கா செய்தது.

படம் மாறியது. படையல். இலையில் கொழுக்கட்டை, கண்ணாடி வளையல், மல்லிகைப் பூ. ஓரத்தில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ்.

"இதைப் பரீட்சைப் பிள்ளைங்க வைக்கிறாங்க. பழைய சாமி, புது இலாகா" என்றார் பேராசிரியர்.

கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தான்.

அதை வருஷா வருஷம் வைக்கிறவள் அவள்தான். அக்கா பத்தாவது படித்தாள். கணக்குப் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்தது. கொண்டை அவிழ்ந்துவிட்டது. உடம்பு உதறியது. நாலு பேர் முன்னால் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"அவளுக்கு நீச்சல் தெரியும்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இவன்தான் சொல்லிக் குடுத்தான். அதே கெணத்துல. நீச்சல் தெரிஞ்ச பிள்ளைய இவன்தான் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சான். நான் பாத்தேன்."

சொல்லியாயிற்று. ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாகிவிட்டது, பாவம்.

அண்ணனின் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அவன் கண் அவளுடைய அவிழ்ந்த கூந்தலில் நின்றது.

பிறகு அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

மேடையிலிருந்து இறங்கி வந்தான். கைகள் தலைக்கு மேலே குவிந்திருந்தன. வந்து அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"வந்துட்டியா தாயி" என்றான். "குத்தந்தான். நாங்க செஞ்சது குத்தந்தான். பொறுத்துக்கிடணும்."

யாரோ ஒருத்தி குலவையிட்டாள். அடுத்தடுத்து எல்லாப் பெண்களும் இட்டார்கள்.

அவள் இல்லை இல்லை என்று கத்தினாள். அக்காவின் பெயரைச் சொன்னாள். செண்பகவல்லி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு என்றாள். கத்தக் கத்தக் கும்பிடுகிறவர்கள் கூடினார்கள். சாமி வந்தவர்கள் கத்துவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பேராசிரியர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலும் நீர் நின்றது.

அவள் தலையில் ஒரு செம்புத் தண்ணீர் கொட்டப்பட்டது. நூலகரின் மேசையிலிருந்து திருநீறு வந்தது. அண்ணன் எழுந்து அதை அவள் நெற்றியில் பூசினான். அந்தக் கையால்தான் பூசினான். அவளுக்கு விலகத் தெம்பில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். டியூஷன் பையோடு இருந்த மகளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"சொல்பேச்சு கேக்க மாட்டேங்கா தாயி. எந்நேரமும் போனுதான். யாரோ ஒரு பய..." குரலைத் தாழ்த்தினாள். "அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். நீதான் நல்ல புத்தி குடுக்கணும்."

அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயது இருக்கும். பயந்துபோய் நின்றது.

அவள் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கத்தியதில் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

"ஓடிரு" என்றாள். "வீட்டுக்குப் போகாத. எங்கயாவது ஓடிரு."

குலவைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கேட்டதா என்றும் தெரியவில்லை.

"என்ன சொல்லுதா? தாயி என்ன சொல்லுதா?" அந்த அம்மா எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டாள்.

பக்கத்தில் நின்ற அண்ணனுக்குக் கேட்டிருந்தது.

"நேரா வீட்டுக்குப் போகச் சொல்லுதா" என்றான். "அப்பன் பேச்சைக் கேட்டு நடக்கச் சொல்லுதா."

அந்த அம்மா அவனைக் கும்பிட்டாள். பிள்ளையின் கையை அவளிடமிருந்து பிரித்து வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.