தையல்காரரின் டாங்கி

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் கண்காட்சிக் கூடம் காலியானது. பல் டாக்டர் மட்டும் நகரவில்லை.

நாலாவது மேஜையில் தையல்காரர் செய்த டாங்கி நின்றது. சாண் நீளப் பொம்மைதான். ஆனால் அதன்மேல் டாக்டருக்கு ஏழு வருட வயிற்றெரிச்சல். குட்டி ராணுவ வண்டிகள் செய்யும் போட்டியில் ஏழு வருடமும் கோப்பை தையல்காரருக்கு, இரண்டாவது இடம் டாக்டருக்கு. இந்தத் தடவை மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இப்பவும் ரெண்டாவதுன்னா அந்தப் பொம்மை ரூமை ஒழிச்சு எங்கம்மாவுக்குக் குடுத்துடணும். அவங்க பெட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்காங்க."

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிற டாக்டருக்கு, மாமியார் வாயைத் திறந்தால் மட்டும் குலை நடுங்கும்.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு பையைத் திறந்தார். பல் சுரண்டும் ஊசி, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டில், வர்ணம், மெல்லிய பிரஷ் எல்லாம் வெளியே வந்தன. டாங்கியைக் கையில் எடுத்தார்.

"என்ன டாக்டர் பண்றீங்க?"

வாசலில் வாட்ச்மேன். டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒண்ணுமில்ல... நம்ம தையல்கார அண்ணன் வண்டியில நம்பர் கோணலா இருக்கு பாருங்க. பெயிண்ட் வேற வழிஞ்சிருக்கு. நடுவர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னுதான். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாரு."

வாட்ச்மேன் அதை நம்பவில்லை. பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தார். டாக்டர் நிஜமாகவே சரிதான் செய்தார். வழிந்த பெயிண்டைப் பூப்போலச் சுரண்டி எடுத்தார். கோணல் எண்ணை அழித்துவிட்டு நேராக எழுதினார். ஒரு சக்கரம் மட்டும் வெளுத்திருந்தது, அதற்கும் வர்ணம் பூசினார். அரை மணியில் டாங்கி புத்தம் புதிதாகிவிட்டது.

வாட்ச்மேனுக்குக் கண் கலங்கியது. "போட்டிக்கு நிக்கிறவருக்கே செய்றீங்களே. இந்த மனசு யாருக்கு வரும்?"

"தப்பைப் பாத்தா என் கை சும்மா இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, ஊசி, பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே மேஜையில் போட்டுவிட்டு, டாக்டர் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மூன்று மணிக்கு நடுவர் பழைய போட்டோக்களோடு வந்தார். நிஜப் போரில் ஓடிய வண்டி போட்டோவில் எப்படி இருக்கிறதோ, அச்சு அசலாக அப்படியே செய்ய வேண்டும். அதுதான் போட்டி.

"போட்டோவுல சிப்பாய் அவசரத்துல நம்பரைக் கோணலா எழுதியிருக்கான். பெயிண்ட் வழிஞ்சிருக்கு. ஒரு சக்கரம் வேற வண்டியிலேருந்து கழட்டி மாட்டினது. உங்க டாங்கியில இதெல்லாம் எங்கங்க?" என்று உதட்டைப் பிதுக்கினார் நடுவர். தையல்காரர் பேயறைந்தவர்போல நின்றார்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள டாக்டர் படாத பாடு பட்டார். அடுத்தது அவருடைய லாரி. கதவில் கொட்டிய வெள்ளைப் பெயிண்ட், கூரையில் புகைக் கரி, சக்கரத்தில் காய்ந்த சேறு என்று போட்டோவைப் பார்த்துப் பார்த்து மூன்று மாதம் இழைத்திருந்தார்.

நடுவர் லாரியைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார்.

டாக்டர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். லாரி பளபளவென்று மின்னியது.

வாட்ச்மேன் அவர் காதருகே குனிந்து, "நீங்க சாப்பிடப் போனப்ப உங்க பாட்டிலை வெச்சு நான்தான் துடைச்சேன் டாக்டர், ஊரார் வண்டிக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சுட்டு உங்க வண்டிய இப்படி அழுக்கா விட்டுட்டீங்களே" என்றார்.