மருந்து நின்ற பிறகு

மூச்சு வந்துவிட்டது.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவள் இட்லியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். நேற்றுவரை தண்ணீர்கூட இறங்காத தொண்டை. இன்று நான்கு இட்லி போதவில்லை.

முந்தின நாள்தான் ஸ்டீராய்டு ஊசியை ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்: "இது கிருமியைக் கொல்ற மருந்து இல்லம்மா. கிருமியோட மல்லுக்கட்டுறேன்னு உங்க உடம்பே உங்க நுரையீரலைப் புண்ணாக்குது. அதை அடக்கத்தான் இந்த ஊசி."

அடங்கியது.

கூடவே வேறு ஏதோ எழுந்தது.

கண் மூட முடியவில்லை. மனசு துள்ளியது. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் ஊர்க்கதை பேசிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்கு 'உம்' கொட்டவும் தெம்பில்லை.

யாரிடமாவது பேசியாக வேண்டும். செல்பேசியை எடுத்துத் தங்கை ஆவுடையைக் கூப்பிட்டாள்.

வருடக்கணக்காகப் பேச்சில்லை.

அன்று ஆவுடை மகளுக்கு வளைகாப்பு. வளையல் போடக் கை நீட்டிய அக்காளைத் தங்கை தடுத்தாள். "நீ சித்த நேரம் உள்ள இரி யக்கா." அக்காள் புருஷனை இழந்தவள். உள்ளே போனாள். அப்படியே பின்வாசல் வழியாக நடந்து பஸ் ஏறினாள். அதன்பின் ஆவுடை எத்தனை முறை வந்து தட்டியும் கதவு திறக்கவில்லை.

இன்று அவளே சிரித்தாள். "ஏட்டி, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன். எலும்புக் குழம்பு வச்சுக் கொடுத்து விடேன்."

மறுமுனையில் ஆவுடை விம்மினாள்.

குழாயைச் சரிசெய்ய வந்த நர்ஸிடம் தங்கையோடு பேசிவிட்டதைச் சொன்னாள். நர்ஸ் சிரித்தாள்.

"ஸ்டீராய்டு சிலருக்கு அப்படித்தாம்மா. தூக்கம் வராது, அகோரமாப் பசிக்கும், சந்தோசமாக்கூட இருக்கும். நிறுத்தினா சரியாப் போயிரும்."

சரியாகத்தான் போனது.

ஊசியை நிறுத்தினார்கள். வாய் கசந்தது. கை கால் ஓய்ந்தது. ஆவுடையின் அழைப்பு வந்து வந்து அடங்கியது. அவள் எடுக்கவில்லை.

கண்ணை மூடினால் அந்த உள்ளறை. கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம், குலவைச் சத்தம்.

எதையும் அவள் மறந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வெளியே வந்தாள். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றாள்.

வாசலில் ஆட்டோவோடு ஆவுடை நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"ஏன் யக்கா போனை எடுக்கல? இன்னும் எம்மேல கோவமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"ஆமாட்டி."

இத்தனை வருடத்தில் தங்கையிடம் அதை அவள் சொன்னதே இல்லை. சொன்னதும் மூச்சு வாங்கியது. ஆவுடை தலையைக் குனிந்துகொண்டாள். பையை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது.

அவள் கம்பியைப் பிடித்து ஆட்டோவில் ஏறினாள்.

நடுவில் உட்காரவில்லை.

மெல்ல, மறு ஓரத்துக்கு நகர்ந்தாள்.